தொழில்: வெள்ளாமை

வாவிக்கரை வீட்டில் பியானோ வைத்திருப்பவர் அதன் வயிற்றுக்குள் ஒரு சின்ன பல்பை எந்நேரமும் எரியவிட வேண்டும். இல்லாவிட்டால் உப்பீரம் ஏறி, கட்டைகள் ஊதி, அமுக்கியது எழும்பாமல் கிடக்கும். நேற்று நீ கேள்வி கேட்டபோது நான் எழுந்து போய் அந்தப் பல்பை மாற்றியது உன்னை அவமதிப்பதற்காக அல்ல, கம்சாயினி. அது உண்மையிலேயே போயிருந்தது.

நீ நீட்டிய தாளை நன்றாகப் பார்த்தேன். அப்பாவின் வயலின் பெட்டியில், வெல்வெட் துணிக்கு அடியில், நான்காக மடித்து இருந்தது என்றாய். சுனாமிக்குப் பின் வெளிநாட்டு வைத்தியர்கள் போட்ட கூடாரத்தில் எழுதிய தாள் அது. உன் தந்தை இராசதுரையின் பெயர், வயது, அதன் கீழே ஆங்கிலத்தில் ‘தொழில்: விவசாயி’. “இதை யார் மாமா சொன்னது?” என்று கேட்டாய்.

நான்தான் சொன்னேன்.

முப்பத்தைந்து வருடம் கரும்பலகையில் எழுதியவனுக்கு வாயைவிட எழுத்து இலகு. உன் அம்மா உனக்குத் தமிழ் வாசிக்கப் பழக்கியதும் நல்லதாயிற்று. யுத்தம் முடிந்துவிட்டது, இனி அப்பாவை லண்டனுக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லி நாளைய ரயிலுக்கு டிக்கெட்டும் எடுத்துவிட்டாய். கூட்டிப்போவதா, என்னிடம் விட்டுப்போவதா என்பதை இதைப் படித்த பின் முடிவு செய்.

உன் தந்தையும் நானும் ஒரே மிஷன் பாடசாலையில் படித்தோம். அவன் நகரத்தில் வழக்குப் பேசும் பிரக்கிராசியாரின் மகன். வயலின் அவன் வீட்டிலேயே இருந்தது. நான் கிரான் கிராமத்திலிருந்து வந்த விடுதிப் பிள்ளை. பியானோ பாடசாலை மண்டபத்தில் இருந்தது. கிரானில் எங்கள் வீட்டில் எட்டு எருமைகள் நின்றன. ஆகவே அவன் எனக்கு வைத்த பெயர் உனக்கும் தெரியும். இன்றும் அப்படித்தான் கூப்பிடுகிறான்.

“டேய் எருமை, மெல்லமாப் போடு கா. ஆக்கள் என்னயக் கேக்க வந்திரிக்காங்க.”

நான் மெல்லமாகப் போட்டேன்.

துணை வாசிப்பவனின் வேலை இன்னதென்று வெளியாட்களுக்குத் தெரியாது. அவன் மூச்செடுக்கும் இடத்தில் நானும் எடுக்க வேண்டும். அவன் அவசரப்பட்டால், அவசரமே இல்லாதது போல நானும் ஓட வேண்டும். அவன் தவறினால் அந்தத் தவறை என் கைகளுக்குள் வாங்கி ஒளித்துவிட வேண்டும். சரியாகச் செய்தால் செய்ததே தெரியாது. நான் சரியாகச் செய்வேன்.

1971இல் கொழும்பில் ஒரு தேர்வு நடந்தது. ஒரு வயலினும் ஒரு பியானோவும் சோடியாக லண்டனுக்குப் போய் நான்கு ஆண்டு படிக்கலாம். இரண்டு கப்பல் டிக்கெட். நாங்கள் இரண்டு வருடம் பழகிப் போனோம். மெதுவான நடுப்பகுதியில் உன் தந்தை மறதியில் இரண்டு வரி தாவினான். நான் என் இரண்டு வரிகளைக் கைவிட்டு, அவன் இறங்கிய இடத்திலேயே போய் இறங்கினேன். ஒரேயொரு தட்டு மட்டும் பிழையாக விழுந்தது. முடிந்ததும் வெள்ளைக்கார நடுவர், “வழிதவறியது யார்?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

உன் தந்தை சொன்னான்: “இவன் வெள்ளாமைக்காரனுடைய மகன், சேர். இந்தக் கை கலப்பைக்குப் பழகினது.”

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். துணை வாசிப்பவன் சேர்ந்துதானே வாசிக்க வேண்டும். இரண்டாவது டிக்கெட் கொழும்புப் பையன் ஒருவனுக்குப் போயிற்று.

அதன் பின் நடந்தவை உனக்குத் தெரியும். அவன் பெரிய மண்டபங்களில் வாசித்தான், இசைத்தட்டுகள் வந்தன, ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் எனக்கு ஒரு வாழ்த்து மடல் வந்தது. நான் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கும் தமிழும் படிப்பித்தேன், காலைக் கூட்டத்தில் தேவாரத்துக்கு ஆர்மோனியம் போட்டேன். பிள்ளைகளுக்குச் சொல்லக் கதைகள் கட்டினேன். அவற்றில் ஒன்றை உனக்கும் சொல்கிறேன், சிறியது.

ஒரு வட்டையில், அறுவடை முடிந்த வயலில், ஒரு கொக்கு எருமையின் முதுகில் ஏறி ஊரைச் சுற்றி வரும். பார்த்தவர்கள் எல்லாம் கொக்கின் வெள்ளையைப் புகழ்ந்தார்கள். ஒருநாள் கொக்கு சறுக்கி விழுந்தது. “எருமைக்கு நடக்கத் தெரியாது, சேற்றில் வளர்ந்தது” என்று ஊருக்குச் சொல்லிவிட்டுப் பறந்து போயிற்று. பல வருடம் கழித்து வெள்ளம் வந்தது. கொக்கு செட்டை முறிந்து, அதே முதுகைத் தேடி வந்து ஏறிக்கொண்டது. எருமை ஆழமான இடம் வரைக்கும் சுமந்து போய், தண்ணீருக்குள் படுத்துக்கொண்டது.

“எருமை வேணுமெண்டா செஞ்சது, சேர்?” என்று ஒரு பிள்ளை கேட்டது.

“இல்லை, மகள். எருமைக்கு வெக்கையாக இருந்தது” என்றேன்.

அந்தக் கதையை நான் கட்டியது 1980 அளவில். சுனாமி வருமென்று அப்போது யாருக்குத் தெரியும்?

2004 டிசம்பரில் உனக்குப் பரீட்சை. அவன் தனியாக வந்து கல்லடியில், கடலுக்குக் கிட்ட அறை எடுத்தான். புதுவருடத்துக்கு நாங்கள் இருவரும் வாசிப்பதாக இருந்தது. கிறிஸ்மஸ் அன்று, கடல் வருவதற்கு முதல் நாள், இங்கே என் வீட்டில் பழகிவிட்டு வயலினை இங்கேயே வைத்துவிட்டுப் போனான். அதனால் வயலின் தப்பியது. நான் அவனை மூன்று நாள் நடந்து தேடினேன், இதையும் நீ கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு பாடசாலை வகுப்பறையில், சேலைக் கிழிசலால் இடது கையைச் சுற்றியபடி கிடந்தான். வேலித் தகரம் வெட்டியிருந்தது. கை ஊதிக் கறுத்து வந்தது. கூடாரம் வரைக்கும் முதுகில் தூக்கிப்போனது நானேதான்.

அந்த வைத்தியர் இளம்பெண்; இரண்டு நாள் உறங்காத முகம். நிதானமாகத்தான் பேசினார். நாளாந்தம் கழுவி மருந்து வைத்து மூன்று கிழமை பார்த்தால் விரல்களை அநேகமாகக் காப்பாற்றலாம். நஞ்சு ஏறும் ஆபத்தும் கொஞ்சம் உண்டு. இப்போதே எடுத்துவிட்டால் ஆபத்தில்லை. “இவருக்கு இந்த விரல்கள் அவ்வளவு அவசியமா? என்ன தொழில் செய்கிறார்?”

“விவசாயி” என்றேன்.

அவர் உன் தந்தையின் விரல் நுனிகளைத் தொட்டுப் பார்த்தார். நாற்பது வருடம் தந்தி அழுத்திய காய்ப்பு அங்கே இருந்தது. “தெரிகிறது” என்று சொல்லி எழுதிக்கொண்டார். போர்வை சற்று விலகியிருந்தது. இடது தாடைக்குக் கீழே, வயலின் உரசிய இடத்தில், அவனுக்கு ஒரு கறுத்த தழும்பு உண்டு; குழந்தையில் நீ அதைத் தடவிக்கொண்டே உறங்குவாயாம். போர்வையை அதற்கு மேலே இழுத்துவிட்டேன். மழைக்காலம், குளிராக இருந்தது.

அவன் கண்கள் மூடியிருந்தன. இமை ஒரு தரம் அசைந்தது. காய்ச்சலில் இமை அசையும்.

உறவு என்ற இடத்தில் ‘சகோதரன்’ என்று போட்டுக் கையொப்பமிட்டேன். பெருவிரல் மட்டும் மிஞ்சியது. அடுத்த மாதம் நீ வந்து, “அப்பாவைக் காப்பாற்றினீங்க” என்று என் காலைத் தொட்டாய். நான் தடுக்கத்தான் பார்த்தேன்.

அவன் லண்டனுக்குத் திரும்பவில்லை. கேட்பவனாக அந்த ஊரில் நடக்க முடியாது என்றான். இங்கேயே இருந்தான். வலது கை நன்றாக இருந்ததால் ஒருநாள் வயலினைத் தோளில் வைத்து வில்லை இழுத்தான். விரல் இல்லாமல் வயலினில் நான்கு சுரம்தான் வரும், ஒரு தந்திக்கு ஒன்று. மற்ற எல்லாச் சுரங்களும் என்னிடம். அன்றிலிருந்து தினமும் பின்னேரம் நான்கு மணிக்கு வாசிக்கிறோம். அவனுடைய நான்கு சுரங்களைச் சுற்றி நான் பாட்டைக் கட்டுகிறேன். போன வருடம் கோயில் மண்டபத்தில் நிறையச் சனம் வந்தது. ஒலிவாங்கியைப் பியானோவுக்கு முன்னால் வைக்கச் சொன்னேன். தொடங்கும் முன் அவன் பக்கம் சாய்ந்து, “மெல்லமா இழு கா, இராசதுரை” என்றேன்.

மெல்லமாக இழுத்தான். முப்பத்தேழு வருடத்தில் எனக்கு வயிறு நிறைந்த நாள் அது.

இன்னொன்றும் உண்டு. 2006 கடைசியில், வடக்கே ஷெல் விழுந்து எங்கள் ஜன்னல்கள் அதிர்ந்துகொண்டிருந்த ஒரு பின்னேரம், அவன் வில்லைக் கீழே வைத்தான்.

“டேய் எருமை. அண்டைக்குக் கொழும்பில ரெண்டு வரி தாவினது நான்தான். சொல்ல வேண்டிய எடத்தில நான் சொல்லல்ல.”

“பழைய கதை. தேத்தண்ணியக் குடி.”

“உன்ட மனம் இப்ப ஆறிட்டா கா?”

“ஓம்” என்றேன். ஆறவில்லை. முப்பத்தைந்து வருடம் பிந்தி வந்த வசனத்தை வைத்து நான் என்ன செய்வது? அவன் ஏன் அன்று அதைக் கேட்டான் என்று நான் யோசிக்கவுமில்லை.

முழுவதையும் சொல்லிவிடுகிறேன். விரல்களைக் காப்பாற்றலாம் என்பது எனக்கு விளங்கியது. அவன் உயிர் அந்த விரல்களில் இருந்தது என்பதை என்னைவிட அறிந்தவர் இல்லை. அந்தச் சொல்லை நான் சொன்னது பயத்தாலோ தடுமாற்றத்தாலோ அல்ல. முப்பத்துமூன்று வருடமாக அது என் நாக்கின் கீழ் இருந்தது. இன்று அந்த வைத்தியர் திரும்ப வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஆனால் ஒன்றை நீ ஒப்புக்கொள்ள வேண்டும்: அவனை நான் சந்தோஷமாக வைத்திருக்கிறேன். பகிடிகூட விடுகிறான். சோதனைச் சாவடியில் சிப்பாய்கள் தொழிலைக் கேட்டால், மொட்டைக் கையை உயர்த்திக் காட்டி, “வெள்ளாமை, தம்பி” என்பான். சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். என் குலத்தொழிலை இழுக்காமல் அவனால் இருக்க முடியாது, பழக்கதோஷம். விரல்களைக் கடல்தான் கொண்டுபோனது என்று நம்பி அவன் நிம்மதியாக இருக்கிறான். அந்தத் தாள் முகாமில் கொடுத்த மருந்துச் சீட்டுகளோடு தவறிப் பெட்டிக்குள் போயிருக்கும். வெல்வெட்டுக்கு அடியில் இருப்பதை யார் எடுத்து வாசிப்பார்கள்?

நான்கு மணி ஆகிறது. உள்ளே அவன் வில்லுக்குக் குங்கிலியம் தேய்க்கும் சத்தம் கேட்கிறது.

“டேய் எருமை, வாறியா? வெள்ளாமைக்காரன் காத்துக்கொண்டிரிக்கன்.”

நான் போக வேண்டும், மகள். நீ என்னை என்ன வேண்டுமானாலும் செய். அவனிடம் மட்டும் சொல்லிவிடாதே. தெரிந்தால் தாங்கமாட்டான்.