அய்யாவு பயில்வான் கையிலிருந்த முத்திரை

தலைமை நாற்காலியை நிறைத்து அமர்ந்திருக்கிற, தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணி கனகராஜ் அவர்களே, இந்த மேடைக்குப் பந்தல் துணியும் தந்து, தங்காக் டவுனிலே கடையையும் மூடிவிட்டு வந்திருக்கிற துணிக்கடை அமானுல்லா ராவுத்தர் அவர்களே, பால்மரக் காட்டிலே பாதி ஆயுளைக் கழித்த என் வயதுப் பெரியவர்களே, பிள்ளையை மடியிலும் பேச்சைக் காதிலும் வைத்திருக்கிற தாய்மார்களே, உட்காரச் சொன்னாலும் நின்றுதான் கேட்போம் என்கிற வாலிபச் சிங்கங்களே, அவர்கள் நடுவே கோப்பை வென்ற கம்பீரத்தோடு நிற்கிற நம் ஓட்டக்காரத் தம்பி மனோகரன் அவர்களே, எல்லாருக்கும் இந்த ஐயாசாமியின் வணக்கம்.

எனக்குக் கைநாட்டுத்தான். ஏட்டைப் பார்த்துப் பேச வழியில்லை. கண்ணால் கண்டதைப் பேசுகிறேன்.

நாளைக் காலை நாம் ஆள் கணக்குக்கு நிற்கிற பெரட்டுக் களத்துக்கு ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வருகிறார். பெரியம்மை வராமல் இருக்க, பிள்ளைகள் கையில் கீறி அம்மைப்பால் வைக்க வருகிறார். ஆற்றுக்கு அந்தப் பக்கத் தோட்டத்தில் அம்மை கண்டுவிட்டது. அது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் நம் லயத்து வீடுகளிலே என்ன பேச்சு? விடியுமுன்னே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சிகாமட்டுக்குப் போய்விடலாம் என்று பேச்சு. யார் கிளப்பிய பேச்சு? தேநீர்க் கடை பெஞ்சியிலே உட்கார்ந்து மனோகரன் தம்பி சொன்ன சொல் கிளப்பிய பேச்சு.

"எங்கப்பா அய்யாவு பயில்வான் ஒரு சொட்டுப் பால் ஏத்திக்கல. அதான் அந்தப் பலம். நான் ஏத்திக்கிட்டா என் கால் உறைஞ்சிடும்லா" என்று சொன்னதாகக் கேள்வி. சொன்னாயா தம்பி? தலையை ஆட்டுகிறான். நல்லது, மறைக்கவில்லை. ஓட்டத்திலே கோப்பை வாங்கியவன் வாயிலே வந்த சொல், கோப்பையைவிடப் பளபளப்பாக இருக்கும். அந்தப் பளபளப்புத்தான் எனக்குப் பயம்.

அவன் அப்பாவை எனக்குத் தெரியும். ஊரிலிருந்து ஒரே கப்பலில் இந்த ரப்பர்க் காட்டுக்கு வந்தோம், ஒரே லயத்தில் குடியிருந்தோம். மூவாரிலே ஆறடிச் சீக்கியர் ஒருவரை மல்லாத்திவிட்டு வந்த நாளிலிருந்து அய்யாவு இந்தத் தோட்டத்துக்கு ராஜா. அவர் படம் தொங்காத வீடு உண்டா? அவர் பேர் வைக்காத பிள்ளை உண்டா? அவர் குடித்த கடையிலே குடிப்போம், அவர் கட்டிய நிறத்திலே துண்டு கட்டுவோம்.

அவர் இடது தோளுக்குக் கீழே ஒரு தழும்பு. காசு அகலம், வட்டமாக, நடுவிலே புள்ளி புள்ளியாக. மூவார் மல்யுத்தம் முடிந்த கையோடு பூசாரி அதைத் தொட்டுப் பார்த்து, "இது ஆத்தா போட்ட முத்திரை" என்றார். முதலில் பிறர் சொன்னார்கள், பயில்வான் மறுக்கவில்லை. பிறகு பிறர் கேட்டார்கள், பயில்வான் சிரித்தார். அப்புறம் அவரே சொல்ல ஆரம்பித்தார். எங்கள் கையிலும் அதே மாதிரி இருந்ததே, ஒருவருக்காவது தோன்றியதா? தோன்றவில்லை. நம் கையில் இருந்தால் அது தழும்பு. பயில்வான் கையில் இருந்தால் அது முத்திரை.

அந்த வருஷம் டிரஸ்ஸர் வந்தார். "கையில கீறிப் பால் வைக்கணும்" என்றார். அவர் சொன்னது அம்மைப்பால். நாங்கள் கேட்டது எந்தப் பால்? காலை முதல் மாலை வரை மரத்தைக் கீறி நாங்கள் எடுக்கிறோமே, அந்த ரப்பர்ப் பால். பால் என்றால் எங்களுக்கு வேறென்ன தெரியும்? மரத்தைக் கீறுகிற மாதிரியே கையைக் கீறுகிறான். ஸ்டோரிலே மருந்து ஊற்றினால் பால் உறைகிறது. உடம்புக்குள்ளே போனால் உறையாதா? ஒருவன் சொன்னான், ரத்தம் கட்டியாகிவிடும் என்று. இன்னொருவன் சொன்னான், கூலிக்காரன் ஊருக்கு ஓடாமல் இருக்கத் துரை செய்கிற சூழ்ச்சி என்று. மரத்தில் கட்டுகிற மங்கு ஓட்டையானால் பால் ஒழுகுகிற மாதிரி, வாய்க்கு வாய் ஒழுகியது கதை.

கடைசியில் எல்லாரும் பயில்வானிடம் போனோம். அவர் கையை மடக்கிக் காட்டினார். "ஆத்தா முத்திரை இருக்கிற கையில இன்னொருத்தன் கீறுறதா? நான் போமாட்டேன். நீங்களும் போவாதீங்க" என்றார். அவ்வளவுதான். டிரஸ்ஸர் வந்தபோது களத்திலே நாய்தான் படுத்திருந்தது.

சிரிக்காதீர்கள் வெள்ளையம்மா, உங்கள் வீட்டுக்காரரும் அன்றைக்கு ரப்பர்க் காட்டுக்குள்ளேதான் ஒளிந்திருந்தார்.

அடுத்து அம்மை வந்தது. வேப்பிலை கட்டினோம், கூழ் ஊற்றினோம், எண்ணெய் தொடாமல் இருந்தோம். ஆத்தாளை நான் குறை சொல்லவில்லை; நானும் தீ மிதித்தவன். ஆனால் ஒன்று கண்டேன். கப்பலில் வந்தவர்களில் ஒருவருக்கும் முத்துப் போடவில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத்தான் போட்டது. பூசாரி சொன்னார், இந்த மண்ணில் பிறந்ததுகள் மேலே ஆத்தாளுக்குக் கோபம் என்று. அதையும் நம்பினோம்.

பயில்வான் வீட்டிலே மூத்தவள் செல்லம். ஐந்து வயது. அப்பா தொடையைத் தட்டுகிற மாதிரியே தட்டிக்கொண்டு லயம் முழுக்கச் சுற்றுவாள். அவளுக்கு முத்துப் போட்டது. பயில்வான் தன் தோளை அவள் நெற்றியிலே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முத்திரை இறங்கிப் பிள்ளையைக் காக்கும் என்று. பிள்ளை போய்விட்டாள்.

என்ன பேச்சியம்மா? கதை நீளுதா? பேத்திக்குப் பசியா? கொடும்மா, கொடுத்துக்கொண்டே கேள். அந்தப் பேத்திக்காகத்தான் நான் மேடை ஏறியிருக்கிறேன்.

டிரஸ்ஸர் மறுபடி வந்தார். இந்தத் தடவை களத்துக்கு ஒருத்தி போனாள். பயில்வானின் சம்சாரம் கருப்பாயி, இடுப்பிலே இரண்டு வயதுப் பையன். பயில்வான் குறுக்கே நின்றார். யாரையெல்லாமோ தூக்கிப் போட்ட உடம்பு, வாசற்கதவு மாதிரி நின்றது.

"வீட்டுக்குப் போ."

"நவுருங்க."

"ஊரு பாக்குது கருப்பாயி. என் முத்திரைக்கு என்ன மரியாத?"

அவள் பையனை மறு இடுப்புக்கு மாற்றினாள். ரவிக்கைக் கையைச் சுருட்டினாள். அதே காசு அகலம், அதே புள்ளி.

"இது எனக்குந்தான் இருக்கு. கப்பல் எறங்கின பினாங்கு முகாம்ல நீங்க முன்னாடி நின்னீங்க, நான் பின்னாடி நின்னேன். ஒரே ஆளுதான் கீறிப் பால் வெச்சான். உங்க கையில இருந்தா ஆத்தா முத்திரைன்னா, நான் எந்தப் பயில்வானக் கவுத்தேன்?"

அப்புறம் ஒரு பெண் சுருட்டினாள். அப்புறம் இன்னொருத்தி. நானும் பார்த்தேன். கப்பலில் வந்த கை ஒவ்வொன்றிலும் அது இருந்தது. இங்கே பிறந்த பிள்ளை கை ஒன்றிலும் இல்லை. யார் தப்பித்தோம், யார் போனார்கள்? கணக்கு அங்கேயே கையிலே எழுதியிருந்தது. முகாமில் கீறியது எதற்கென்று அதுவரை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

உண்மையைச் சொன்னால் ராஜா போச்சு; சொல்லாவிட்டால் பையன் போவான். பயில்வான் ஊரைப் பார்த்துப் பேசினார்.

"அது ஆத்தா போட்டதில்ல. முகாம்ல வரிசையில நிக்க வெச்சுப் போட்டது. எனக்குத் தெரியும். நீங்க கும்பிட்டீங்க, எனக்கு நல்லா இருந்துச்சு."

சொல்லிவிட்டு, மனைவி இடுப்பிலிருந்து பையனை வாங்கினார். டிரஸ்ஸர் முன்னால் தானே உட்கார்ந்து, பையனைத் தொடையில் வைத்து, சின்னக் கையைப் பிடித்துக்கொண்டார். பையன் கத்தினான். பயில்வான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு எங்கள் பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள்.

எத்தனையோ பேரை அவர் வீழ்த்தினார், கைதட்டினோம். அன்று அவர் தன்னையே தூக்கித் தரையிலே போட்டார், ஒருவரும் கைதட்டவில்லை. ஆனால் இன்று இந்தக் கூட்டத்திலே மீசை முறுக்கி நிற்கிற பாதிப்பேர், அந்த வீழ்ச்சியிலே எழுந்தவர்கள்.

மனோகரா, அந்த இரண்டு வயதுப் பையன் நீ. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபிறகு மூவாரிலே தாய்மாமன் வளர்த்தார். அவருக்கு இது தெரியாது; நீ இங்கே திரும்பி வந்த பிறகு நாங்களும் சொல்லாமல் விட்டுவிட்டோம். உன் இடது கைச் சட்டையைக் கொஞ்சம் ஏற்று. அங்கே ஒரு வட்டம் இருக்கும். சூட்டுக் காயம் என்று நினைத்திருப்பாய். நீ நடந்தது அந்தப் பாலோடு, ஓடியது அந்தப் பாலோடு, கோப்பை வாங்கியதும் அந்தப் பாலோடு. கால் உறைந்ததா தம்பி?

பார்த்துவிட்டான். சட்டையை இறக்கிவிட்டான். பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் விலகி நில்லுங்கள், அவனுக்குக் காற்று வரட்டும்.

என்ன சொல்கிறாய்? சத்தமாகச் சொல்.

"பெரியப்பா, நாளைக்கு மொத ஆளா நான் நிக்கிறேன்" என்கிறான்.

நிற்கலாம் அப்பா. பழைய தழும்பு இருந்தாலும், பக்கத்தில் அம்மை கண்டிருப்பதால் இன்னொரு தடவை வைத்துக்கொள்வது நல்லது என்று டிரஸ்ஸரே சொல்கிறார். கை வலிக்கும், ஒரு ராத்திரி காய்ச்சலும் அடிக்கும்; அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் நீ நாளை நிற்பது போதாது. இந்தப் பந்தலுக்கு வராதவர்கள் லயத்திலே மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தேநீர்க் கடையிலே நீ விட்ட சொல் உனக்கு முன்னாலே ஓடிக்கொண்டிருக்கிறது. வேகத்திலே பேர் வாங்கியவன் நீ. போ, லயம் லயமாக ஓடு, கதவு கதவாகத் தட்டு, சட்டையைச் சுருட்டிக் காட்டு, அந்தச் சொல்லைப் பிடித்து நிறுத்து.

வழி விடுங்கள், வழி விடுங்கள். கிளம்பிவிட்டான்.

எழுத்தறியாத கிழவனுக்கு ஏற இடம் கொடுத்த தலைவருக்கும், துணி கொடுத்த ராவுத்தருக்கும், பசித்த பிள்ளையை வைத்துக்கொண்டு பொறுத்த பேச்சியம்மாளுக்கும், உங்கள் எல்லாருக்கும் என் நன்றி. கைநாட்டுப் போடுகிற இந்தக் கையால் உங்களைக் கும்பிடுகிறேன். நாளைக் காலை டிரஸ்ஸரிடம் நீட்டப்போவதும் இதே கையைத்தான். களத்தில் பார்ப்போம். வணக்கம்.