சங்கு ஏறிப்போன லாரி

ஓடுகிறேன். பாயான் லெப்பாஸ் விமானத் திடல். ஈரப் புல். முன்னால் அப்பா. பக்கத்தில் அக்கா செல்லம். மூவர் கையிலும் குச்சி. மேலே உர்ரென்று சத்தம். நெருங்குகிறது.

"மாட்ட ஓட்டு! ஆகாசக் கப்பல் எறங்கப் போவுது!" அப்பா கத்துகிறார்.

யுத்த காலம். விமானச் சத்தம் கேட்டால் ஊரே பதுங்கு பள்ளத்தில் குதிக்கும். நாங்கள் அதை நோக்கி ஓடினோம். அப்பா திடலில் புல் வெட்டுகிறவர். விமானம் இறங்குமுன் மேய்கிற மாடுகளை விரட்டுவதும் அவர் வேலை. திடலின் அபாயச் சங்கு ஊதினால் எதிரி விமானம், பள்ளத்தில் படு. ஊதாவிட்டால் நம் விமானம், மாட்டை ஓட்டு. திடலின் வெள்ளைக்காரத் துரை சொல்லிக்கொடுத்த பாடம் அது.

1941, டிசம்பர். அன்று சங்கு ஊதவில்லை.

விசில் மாதிரி ஒன்று இறங்கியது. நிலம் எழுந்தது. வாயெல்லாம் மண். அப்பா நின்ற இடத்தில் குழி. அக்கா என்மேல் கிடந்தாள். தள்ளினேன். எழவில்லை.

அதற்கு முதல் நாள் மாலை. லாரி நிற்கிறது. சங்கைக் கழற்றி ஏற்றுகிறார்கள். முன்சீட்டில் திடல் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியார். நம் தமிழர்தான். எங்கள் வீட்டு மோர் குடித்தவர்.

"ஐயா, சங்கு எங்க போவுது?" அப்பா கேட்டார்.

"ரிப்பேருக்குலா. நாளைக்கு வந்துரும். நீ மாட்டப் பாரு."

"தொர?"

"அவரும் வந்துருவாருலா."

துரை போய்விட்டார். விமானங்களும் போய்விட்டன. இனி நம் விமானம் எதுவும் வராது என்று கிராணிக்குத் தெரியும். அப்பாவிடம் சொல்லவில்லை. போனவை திரும்பி வருகின்றன என்றுதான் அப்பா குச்சியை எடுத்தார்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. இன்று பிறை நகரில் என் பெயர் எழுதிய லாரிகள் ஓடுகின்றன. பேங்க் மேனேஜர் எழுந்து நின்று கை கொடுக்கிறார். எல்லாம் நானே சம்பாதித்தது. சென்ற மாதம் ஜார்ஜ்டவுனில் அந்தத் திடலைப் பற்றி ஒரு படக் கண்காட்சி. என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். விமானங்களின் படம் இருந்தது. தொப்பி போட்ட துரைகளின் படம் இருந்தது. அப்பா இல்லை. புல் தானாகவே மட்டமாக வளர்ந்தது போலிருக்கிறது.

ஆகவே நான் சொல்கிறேன். அன்று போனவற்றை எழுதிக்கொள்ளுங்கள்.

அப்பா, முனியன். அக்கா, செல்லம். எங்கள் பசு நான்கு. கன்று ஒன்று. அன்றோடு கேட்காமல் போன என் வலது காது.

சங்கு இந்தக் கணக்கில் வராது. அது முதல் நாளே தப்பிவிட்டது.