ஒரு கரப்பான்கூட இல்லாத வீடு

இல்ல தம்பி, என் பொண்ணு இந்த வீட்டுக்கு வராததுக்குக் கரப்பான்தான் காரணம்னு என் வீட்டுக்காரி சொல்றாளே, அத நான் முழுசா நம்பினதில்ல. பல வருஷமாவே சந்தேகந்தான். கரப்பானுக்குப் பயந்து ஒருத்தி பெத்தவங்க வீட்டுப் படி ஏறாம இருப்பாளா? அவளுக்குப் பரவால்லியாம், பேத்திக்குத்தான் ஆகாதாம். கரப்பானுக்கு அடிக்கிற அந்த மருந்து டப்பாவக் கீழ வைங்க, தோள் வலிக்கும்.

மொதல்ல போரிக் பவுடர சர்க்கரையோட பிசைஞ்சு மூலைக்கு மூலை வெச்சேன். குழந்தை எடுத்து வாயில போட்டுரும்னு பொண்ணு சொன்னதா என் வீட்டுக்காரி சொன்னா. அதெல்லாம் வழிச்சுப் போட்டுட்டு ஸ்பிரே அடிச்சோம். நெடி பட்டா புள்ளைக்கு மூச்சு இளைக்குமாம். சரின்னு நெடி இல்லாத ஜெல் வாங்கி, கதவு இடுக்கு, ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடின்னு பொட்டு பொட்டா வெச்சேன். தண்ணி போற ஓட்டைக்கெல்லாம் சல்லடை போட்டாச்சு. ராத்திரி ஒரு எச்சில் தட்டு கிடக்காது. இப்ப பள்ளிக்கூடம் போற புள்ள, பல்லிக்குப் பயமாம். பல்லிக்கு நான் எங்க போவேன்? தின்ன ஒண்ணும் கிடைக்காம அதுவே எலும்பும் தோலுமா திரியுது.

சிரிங்க, பரவால்ல. நானும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.

என்ன, ஒண்ணுகூட இல்லியா? சிங்க்குக்குக் கீழ பாத்தீங்களா? முட்டைக்கூடுகூட இல்ல, ம்? தெரியும் தம்பி. தெரிஞ்சுதான் கூப்பிட்டேன். பொண்ணு நாளைக்கு இந்த ஊருக்கு வர்றா, மாப்பிள்ளைக்கு ஏதோ ஆபீஸ் வேலை. பேத்தியும் வருது. நாலு தெரு தள்ளி லாட்ஜுல ரூம் போட்டிருக்காங்க. மருந்து அடிச்ச கையோட போன் பண்ணி, இப்ப வாங்கன்னு கூப்பிடலாம்னு ஒரு நப்பாசை.

எனக்குக் கோபம் வருமான்னா கேக்கறீங்க? வரும். யாருக்குத்தான் வராது. குரல் கொஞ்சம் பெரிசு. கைய ஓங்குவேன், அடிச்சதில்ல. அது... பேத்திய அடிச்சதில்ல.

அது தத்தித் தத்தி நடக்கிற வயசுல கடைசியா வந்துச்சு. டம்ளர் பால கொட்டிருச்சு. எறும்பு வரும், கரப்பான் வரும்னு ஒரு சத்தம் போட்டேன். ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில பூந்துக்கிச்சு. வா கண்ணுன்னு குனிஞ்சு கைய நீட்டினா, வீல்னு அலறுது. கால்ல கரப்பான் ஏறிருச்சு போலன்னு என் வீட்டுக்காரி பட்டுனு சொல்லிட்டா. நான் டார்ச் அடிச்சுப் பாத்தேன் தம்பி. புழுதிதான் இருந்துச்சு, வேற ஒண்ணும் இல்ல.

இருந்தும் பவுடர் வாங்கினேன். அவ சொன்னதே நல்லா இருந்துச்சு, நான் ஏன் கெடுப்பானேன்.

இன்னிக்குக் காலைல, நீங்க வர்றீங்கன்னு அவ அலமாரிப் பாத்திரத்தையெல்லாம் எடுத்து அடுக்கிக்கிட்டிருந்தா. முதுகுதான் தெரிஞ்சுது. மூஞ்சியப் பாத்துக் கேக்க எனக்குத் தெம்பில்ல. அதனால அப்பவே கேட்டுட்டேன், ஏம்மா, அந்தப் புள்ள பயப்படறது கரப்பானுக்கா, எனக்கான்னு.