பினாங்கு வரைக்கும் தாங்குமா?

— ஓட்டை போடவா, வேணாமா? அதைச் சொல்லுங்க முதல்ல, சூசைத் தம்பி. டிரில்லைக் கையில வச்சுக்கிட்டு எம்புட்டு நேரம் நிக்கிறது?

— போடுங்க, நெய்னா நானா. கார் கூரையில நாலு மூலையிலயும் போட்டு போல்ட்டை முடுக்குங்க. கேரியர் அசையக் கூடாது, அவ்வளவுதான் லா.

— போடாதீங்க நானா.

— மேரி, நீ சும்மா இரு. சைக்கிள் ஏத்துற கேரியரைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?

— ஒண்ணும் தெரியாதுங்க. கார் நம்ம கைக்கு வந்து இன்னும் முழுசா ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள கூரையில ஓட்டையா? மழை பெஞ்சா நம்ம புள்ள பிரிஜட் தலையிலதானே ஒழுகும்?

— ஒழுகாது தங்கச்சி. ரப்பர் வாஷர் வச்சுடுவேன். இந்த நெய்னா முகம்மது போட்ட கேரியர் டெஸ்கர் ரோட்டுல இருந்து ஜொகூர் வரைக்கும் ஓடுது, ஒரு சொட்டு ஒழுகுச்சுன்னு ஒருத்தன் வந்து நின்னதில்ல. வல்லாஹி. ஆனா இதையும் கேளுங்க. ஓட்டை போட்டா போட்டதுதான். அப்புறம் கேரியரைக் கழட்டினாலும் கூரை பழைய கூரை ஆகாது.

— அதைத்தான் நானும் சொல்றேன். கழட்டி வைக்கிற மாதிரி வேற இல்லையா?

— ஏன் இல்ல? இந்தா, சுவத்துல தொங்குது பாருங்க, இது பின்னாடி டிக்கியில மாட்டுறது. வார் போட்டு இறுக்கிடலாம். சாங்கி கடற்கரைக்குப் போய் வர இது போதும். இன்னொண்ணு, கிளாம்ப் வச்சது. கூரை ஓரத்துல மழைத்தண்ணி ஓடுதே, அந்தப் பள்ளத்தைக் கவ்விக்கும். வேணும்னா மாட்டலாம், வேணாம்னா எடுத்துடலாம்.

— ரெண்டுமே ஆகாது. பின்னாடி மாட்டினா எவனாவது லாரிக்காரன் ஒரு இடி இடிப்பான், சைக்கிள் அப்பளம். கிளாம்ப் வழியெல்லாம் லூசாகும், நிறுத்தி நிறுத்தி முடுக்கணும். இது சாங்கிக்குப் போற சைக்கிள் இல்ல நானா. பினாங்கு வரைக்கும் போகணும்.

— பினாங்கா! அலாமா, என்ன விசேஷம்?

— பந்தயம். மலாயா பூராவுல இருந்தும் வராங்க. ஞாயித்துக்கிழமை. முதல் மூணு பேருல வந்துட்டா வெளிநாட்டுக்கு அனுப்புறாங்க. எனக்கு முப்பத்தி நாலு வயசாவுது. அடுத்த தடவை சின்னப் பசங்க என்னை ஓரமா நிக்கச் சொல்லிட்டுப் போயிடுவானுங்க. இது ஒண்ணுதான் பாக்கி எனக்கு.

— திருநாளும் இருக்குன்னு சொல்லுங்க.

— ஆமா, அதுவும். புக்கிட் மெர்தாஜம் அன்னம்மா கோயில் திருநாள், பந்தயத்துக்கு முன்னாடி வியாழக்கிழமை. மேரி போயே ஆகணும்னா. போற வழிதானே, சரின்னுட்டேன். கோயிலும் ஆச்சு, பந்தயமும் ஆச்சு.

— பிள்ளைக்குப் போன வருஷம் முடியாம இருந்துச்சே, அதுக்கா தங்கச்சி?

— அதுக்குத்தான் நானா. காய்ச்சல்ல ஒரு காலு விழுந்துடுச்சு. இப்ப நடக்குறா. புக்கிட் மேராவுல எங்க வீட்டு மாடிப்படி முழுக்க தானா ஏறி வரா. கைப்பிடியைக் கூடத் தொடுறதில்ல. அந்த அன்னம்மா குடுத்த காலு.

— அல்ஹம்துலில்லாஹ். நல்லபடியா போயிட்டு வாங்க. தம்பி, அந்த ரோட்டுக்கு போல்ட் போடுறதுதான் சரி, நானும் ஒத்துக்கிறேன். சைக்கிள் ஒண்ணுதானே? எப்படி வைக்கிறது?

— தலைகீழா. ஹேண்டில்பாரும் சீட்டும் கேரியர்ல உக்காரணும். கம்பி படுற இடத்துல எல்லாம் துணி சுத்துங்க, பெயிண்டு உரசக் கூடாது. என் அளவுக்குன்னு சொல்லிச் செஞ்ச ஃபிரேம் நானா. மழை வந்தா போத்துறதுக்கு போர்வை கொண்டு வந்திருக்கேன், பாருங்க.

— அது பிரிஜட் போர்வை.

— அவளுக்கு வேற வாங்கிக்கலாம்.

— வாங்கிக்கலாம்தான்.

— ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிற? காலையில இருந்து இப்படித்தான் இருக்க.

— கடை வாசல்ல சண்டை வேணாம்பா. இதக் கேளுங்க, ஒரே ஒரு கேள்வி. திரும்பி வர்றப்ப மேல சைக்கிள் மட்டும்தானா? வேற சாமானும் ஏத்துறதா இருந்தா குறுக்க இன்னொரு கம்பி வைக்கணும். என்ன தங்கச்சி, ஏன் கண்ணைத் துடைக்கிறீங்க?

— திரும்பி வர்றப்ப மேல ஒண்ணுமே இருக்காது நானா.

— என்ன உளர்ற?

— சைக்கிள் திரும்பி வராதுங்க. அது அன்னம்மாவுக்கு நேர்ச்சை. பிரிஜட் நடந்தா குடுக்கிறதா நேர்ந்தது.

— விளையாடாத மேரி.

— திருநாள் அன்னைக்குக் காணிக்கையா வைக்கணும். சாயங்காலம் ஆடு, கோழி, மெழுகுவத்தி எல்லாம் ஏலம் விடுவாங்கல்ல, அதோட இதுவும் போயிடும்.

— வியாழக்கிழமை குடுத்துட்டு ஞாயித்துக்கிழமை எதுல ஓட்டுறது? உன் தோள்ல ஏறியா? என் சைக்கிள் அது! என்னை ஒரு வார்த்தை கேட்டியா?

— எங்க வந்து கேக்குறது? புள்ளைய மடியில போட்டுக்கிட்டு டிரிஷா வண்டியில ஆஸ்பத்திரிக்கு ஓடுறேன், நீங்க ஈப்போவுல பந்தயத்துல இருக்கீங்க. மறுநாள் வார்டுக்குள்ள வர்றீங்க, கையில வெள்ளிக் கோப்பை. காலு அசையலைன்னு டாக்டர் சொல்றாரு, நீங்க அந்தக் கோப்பையை எங்க வைக்கிறதுன்னு தெரியாம நிக்கிறீங்க.

— அதுக்குத்தான் பழி வாங்குறியா? கோயிலைச் சாக்கு வச்சு?

— ஐயோ மாதாவே, இல்லங்க!

— பின்ன என்ன? வெள்ளியில கால் செஞ்சு வைக்கிறதுதானே எல்லாரும் செய்யறது? செரங்கூன் ரோட்டுல ஆசாரி கடைக்கா பஞ்சம்? வா, இப்பவே போலாம். வெள்ளி வேணாம், தங்கத்துலயே ரெண்டு காலும் செஞ்சு வைக்கிறேன். சாமியார்கிட்ட நான் பேசிக்கிறேன்.

— தம்பி, கொஞ்சம் மெதுவா. வேற யாருகிட்டயாவது சைக்கிள் வாங்கி ஓட்ட முடியாதா?

— ஓட்டலாம் நானா. ஓட்டி, எல்லாரும் வீட்டுக்குப் போனப்புறம் வந்து சேரலாம்.

— அப்ப அடுத்த வருஷத் திருநாளுக்குக் குடுங்களேன் தங்கச்சி. சாமி கோவிச்சுக்கவா போவுது?

— நான் நேர்ந்திருந்தா தள்ளிப் போட்டிருப்பேன் நானா. இவரு எப்படி ஏங்குறாருன்னு எனக்குத் தெரியாதா? தூக்கத்துல கூடக் காலு மிதிக்குது.

— நீ நேரலையா? பின்ன யாரு?

— பிரிஜட்.

— அவளுக்கு எட்டு வயசு மேரி!

— நேர்ந்தப்ப ஏழு. கட்டில்ல படுத்துக்கிட்டே கேட்டா, நம்ம வீட்டுலயே ரொம்பப் பிரியமான சாமான் எதும்மான்னு. பிரியமானதைக் குடுத்தாதான் நேர்ச்சைன்னு ஞானோபதேச வகுப்புல சிஸ்டர் சொல்லியிருக்காங்க. நான் வாயைத் திறக்குறதுக்குள்ள அவளே சொல்லிட்டா, அப்பா சைக்கிள்னு. குடுத்து முடிக்கிற வரைக்கும் உங்ககிட்ட சொல்லக் கூடாது, சொன்னா காலு பழையபடி ஆயிடும்னு சத்தியம் வாங்கிக்கிட்டா. டிரில்லைப் பார்த்ததும் என்னால அடக்க முடியல. இப்ப சொல்லித் தொலைச்சுட்டேனே, அவ காலுக்கு ஏதாவது ஆயிடுமோ?

— ஒண்ணும் ஆகாது. அழாத. இரு, இதுக்கு ஒரு வழி இருக்கு. ஏலம்தானே விடுவாங்க? நானே ஏலத்துல எடுத்துடறேன். குடுத்ததும் ஆச்சு, சைக்கிளும் நம்மகிட்ட வந்துடும். எத்தனையோ பேரு அவங்க வச்ச ஆட்டை அவங்களே எடுக்கிறாங்க.

— எடுங்க. யாரும் தப்புன்னு சொல்ல மாட்டாங்க.

— பின்ன என்ன?

— பிரிஜட் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டிருப்பா.

— அவ வேற என்ன சொன்னா, அன்னைக்கு?

— வேணாங்க.

— சொல்லு.

— சைக்கிள் போயிட்டா அப்பா ராத்திரி அழுவாரு இல்லம்மான்னு கேட்டா. அழுதா, எனக்குத்தான் காலு வந்திருக்குமே, நானே எழுந்து நடந்து போய் அப்பா பக்கத்துல படுத்துக்கிறேன்னா.

— நானா, அந்த டிரில்லைக் கீழ வைங்க.

— அப்பவே வச்சுட்டேன் தம்பி. வீட்டுக்குப் போய் ஆற அமர யோசிச்சுட்டு நாளைக்கு வாங்க, கடை எங்கயும் ஓடிப் போவாது.

— வேணாம். அந்த கிளாம்ப் வச்சதை எடுங்க.

— அது அம்புட்டு தூரம் தாங்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?

— போறப்ப மட்டும் தாங்கினா போதும் நானா.