ஊரெல்லாம் மெர்சி

பொன்னம்மாள்: காலக் கழுவுனது போதுமுங்க. மொதல்ல சொல்லுங்க. அவளப் பாத்தீங்களா இல்லையா?

அப்பாசாமி: யார?

பொன்னம்மாள்: யாராம்... உங்கள பிளேன் ஏத்தி கனடாவுக்கு அனுப்புனது எருமை வாங்கவா? நம்ம பையன் பிரேம மயக்கி வெச்சிருக்கறாளே, அந்த மெர்சியத்தான் கேக்கறேன்.

அப்பாசாமி: ஓ... மெர்சியா. பாத்தேன், பாத்தேன். ஏர்போட்டுல எறங்குன ஒடனே பாத்தேன்.

பொன்னம்மாள்: ஏர்போட்டுக்கே வந்துட்டாளா? மாமனாரு வாராருன்னு துளி பயமில்லாம...

அப்பாசாமி: ஏர்போட்டுல மட்டுமா? பஸ்ஸுல பாத்தேன், ஓட்டல்ல பாத்தேன், கோயில் வாசல்ல பாத்தேன்... தண்ணி குடு புள்ள. சோளக்காட்டு பஸ் ஸ்டாண்டுல எறங்குனதுல இருந்து ஊரே மறிச்சுப் போயிட்டு வந்த கதையக் கேக்குது. தொண்டை வத்திப் போச்சு.

பொன்னம்மாள்: இந்தாங்க. என்ன கேட்டாங்க?

அப்பாசாமி: என்ன கேப்பாங்க. குளுரு எப்படி, சோறு எப்படி, ரோடு எப்படின்னு. ஊருக்கு நான் மாண்ட்ரியல் பட்டணத்தச் சுத்திப் பாக்கப் போன சொகுசுக்காரன். மவனக் கையோட இழுத்தாரப் போனவன்னு உனக்கும் எனக்கும்தான தெரியும்.

பொன்னம்மாள்: இழுத்தாரன்னு ஏன் சொல்றீங்க. எங்கண்ணன் சின்னராசு மவ பூங்குழலி, நம்ம பிரேமுக்குன்னே வளந்து நிக்கறா. மாமன் மவ. உரிமைங்க.

அப்பாசாமி: ஆமா, உரிமை. நெலத்துக்குப் பட்டா மாதிரி.

பொன்னம்மாள்: பேச்ச மாத்தாதீங்க. அவ எப்படி இருக்கறா?

அப்பாசாமி: எந்த மெர்சியக் கேக்கற? ஒருத்தி செவப்பா இருந்தா. ஒருத்தி நம்மளவிடக் கருப்பா இருந்தா. ஒருத்தருக்குத் தாடி இருந்துச்சு.

பொன்னம்மாள்: தாடியா...

அப்பாசாமி: பஸ்ஸு டிரைவரு. எறங்கறப்ப நம்ம பய அவரப் பாத்து மெர்சின்னான். ஓட்டல்ல தண்ணி வெச்ச பொம்பளையப் பாத்து மெர்சின்னான். ரோட்டுல வழி சொன்ன கெழவியப் பாத்தும் மெர்சின்னான். என்னடா இது, ஊருக்கே ஒரே பேரா வெச்சுட்டாங்களான்னு நானும் மண்டைய ஒடச்சுக்கிட்டேன்.

பொன்னம்மாள்: நீங்க என்னதான் சொல்றீங்க?

அப்பாசாமி: அந்தப் பட்டணத்துல பிரெஞ்சும் பேசறாங்க, இங்கிலீசும் பேசறாங்க. பிரெஞ்சுல மெர்சின்னா நன்றின்னு அர்த்தமாம்.

பொன்னம்மாள்: நன்றியா?

அப்பாசாமி: நன்றியேதான். டீ குடுத்தா மெர்சி. கதவத் தொறந்து வுட்டா மெர்சி. உங்கூட போன்ல பேசறப்ப பய கடையில நின்னுட்டு எவனுக்கோ நன்றி சொல்லியிருக்கான். நீ அதக் கேட்டுட்டு, நம்ம ஆஸ்பத்திரி நர்சம்மா மெர்சி மாதிரி ஒருத்தின்னு முடிவு கட்டி, அவளுக்கு மூக்கு முழி வெச்சு, வேல வாங்கிக் குடுத்து, கலியாணம் வரைக்கும் கொண்டாந்துட்ட.

பொன்னம்மாள்: அவன் கொஞ்சிக் கொஞ்சிச் சொன்னானுங்க. மெர்ர்சீன்னு... இழுத்து.

அப்பாசாமி: அவங்க நன்றிய அப்படித்தான் இழுக்கறாங்க.

பொன்னம்மாள்: எனக்கு எப்படிங்க தெரியும்? உங்களுக்கு வாக்கப்பட்டு இத்தன வருசத்துல, நான் வெச்ச சோத்துக்கு ஒரு மெர்சி வந்திருக்குதா?

அப்பாசாமி: அது சரி.

பொன்னம்மாள்: ஐயோ... நான் அந்த நர்சம்மாகிட்டயே போயி, உங்க சொந்தக்காரங்க யாராச்சும் கனடாவுல இருக்கறாங்களான்னு கேட்டுட்டேனுங்க.

அப்பாசாமி: அந்தம்மா என்ன சொல்லுச்சு?

பொன்னம்மாள்: பிரசர் பாத்துரலாம்னு என் கையில துணியச் சுத்துச்சு.

அப்பாசாமி: நல்ல காரியம் பண்ணுச்சு.

பொன்னம்மாள்: சிரிக்காதீங்க. இப்பத்தான் எனக்கு நெஞ்சுல இருந்து கல்ல எறக்கி வெச்சாப்புல இருக்குது. அப்ப பொண்ணு கிண்ணு ஒண்ணுமில்ல. அப்பாடா... சரி, ஊரு எப்படீங்க? இனி நிம்மதியாக் கேக்கறேன், சொல்லுங்க.

அப்பாசாமி: ஊருக்கென்ன, நல்ல ஊரு. கடைக்குள்ள கால வெச்சா, 'பொஞ்ஜூர், ஹாய்'னு ரெண்டு பாசையிலயும் வணக்கத்தச் சேத்து ஒரே மூச்சுல சொல்றாங்க. நாம எதுல பதில் சொல்றமோ அதுல பேசுவாங்களாம். எனக்கு மொதல் நாளு அது தெரியல. பொன்னு எங்கன்னு உன்னத்தான் கேக்கறான்னு நெனச்சு, 'பொன்னு வரலீங்க, மாட்டப் பாக்க ஆளில்ல'ன்னு சொல்லிட்டேன்.

பொன்னம்மாள்: நல்லவேளை, மாடு கன்னு போட்டதச் சொல்லாம வுட்டீங்க.

அப்பாசாமி: அதையும் சொன்னேன். பொறவு மலை காட்டறேன்னு கூட்டிட்டுப் போனாங்க. பட்டணத்துக்கு நடுவால ஒரு மலையாம், அத வெச்சுத்தான் ஊருக்கே பேராம். தெனமும் எழுவது கொண்டை ஊசி வளைவு ஏறி எறங்கற மலைக்காரங்க நம்மகிட்டப் போயி... வெத்தலையப் போட்டு நல்லா மெல்றதுக்குள்ள உச்சி வந்துருச்சு. மலை எப்ப வரும்னு கேட்டேன். வந்தாச்சு, நாம நிக்கறதே மலைதான்னாங்க.

பொன்னம்மாள்: பாவம், அவங்களுக்கு இருக்கறது அவ்வளவுதான். நாம எதுக்கு நக்கல் பண்ணோணும்.

அப்பாசாமி: அதுக்கு மேல ஒரு கூத்து. இந்த மாசத்துல அங்க மரத்து எலையெல்லாம் செவந்து போயிருது. நம்ம மொளகுக் கொடி அப்படி ஆனா வாடல் நோய்னு ராத்தூக்கம் கெட்டு மருந்தடிப்போம். அங்க கார் கட்டிக்கிட்டு வந்து, அது முன்னால நின்னு போட்டா எடுக்கறாங்க. நானும் எடுத்தேன்.

பொன்னம்மாள்: கோயிலு?

அப்பாசாமி: பெரிய பெரிய சர்ச்சுக. ஒரு எடத்துல முட்டி போட்டுக்கிட்டே படியேறிச் சாமி கும்புடறாங்க. எல்லா ஊருலயும் மனுசனுக்கு ஒரு கொறை இருக்கும்போல.

பொன்னம்மாள்: சாப்பாடு?

அப்பாசாமி: பூட்டின்னு ஒண்ணு. உருளக்கெழங்க மொறுமொறுன்னு வறுத்து, அது மேல திரிஞ்ச பாலுக்கட்டியப் போட்டு, அதுக்கும் மேல கொழம்ப ஊத்திக் குடுக்கறாங்க.

பொன்னம்மாள்: நனைக்கறதுக்கு எதுக்குங்க வறுக்கோணும்?

அப்பாசாமி: நானும் அதத்தான் கேட்டேன். பேசாமச் சாப்பிடுப்பான்னான் உம்மவன். உப்பில்ல, ஒறப்பில்ல. நீ மடிச்சுக் குடுத்த மொளகுப் பொடியப் பிரிச்சுத் தூவுன பொறவுதான் எறங்குச்சு. அருணாவுக்கும் அது புடிச்சுப் போயி, மிச்சத்தப் பொட்டலத்தோட கைப்பைக்குள்ள வெச்சுக்கிச்சு.

பொன்னம்மாள்: அருணா யாரு?

அப்பாசாமி: ம்... பிரேமுகூட வேல பாக்கற புள்ள. அதுதான் கார் ஓட்டிட்டு வந்துச்சு. ஊரெல்லாம் சுத்திக் காட்டுனதே அதுதான்.

பொன்னம்மாள்: வெள்ளக்காரியா?

அப்பாசாமி: இல்ல, நம்ம தமிழுதான். யாழ்ப்பாணத்துக்காரங்க, பொறந்து வளந்தது அந்தப் பட்டணத்துல. கடைக்காரன்கிட்டப் பிரெஞ்சு, போலீசுக்காரன்கிட்ட இங்கிலீசு, எங்கிட்டத் தமிழு. எதக் கேட்டாலும் 'ஓம்'ங்கும். சாமி கும்புடுதுன்னு நெனச்சு நானும் கையக் கூப்பிட்டேன். அவங்க ஊருல ஓம்னா ஆமாங்களாம்.

பொன்னம்மாள்: உங்கள என்னன்னு கூப்புட்டா?

அப்பாசாமி: மாமான்னு.

பொன்னம்மாள்: மாமாவா?

அப்பாசாமி: அவங்க பெரியவங்க எல்லாத்தையும் மாமான்னுதான் கூப்புடுவாங்களாம்.

பொன்னம்மாள்: ஓஹோ. ஓட்டல்ல உங்க பக்கத்துல ஒக்காந்தாளா, பிரேமு பக்கத்துல ஒக்காந்தாளா?

அப்பாசாமி: இதென்ன கேள்வி. காலியா இருந்த எடத்துல ஒக்காந்துச்சு.

பொன்னம்மாள்: காலியா இருந்த எடம் எது?

அப்பாசாமி: பொன்னு... போன மாசி மாசம் பிரேமு கொஞ்சநாளு போனே பண்ணல, ஞாபகம் இருக்குதா?

பொன்னம்மாள்: வேல ஜாஸ்தின்னு மெசேஜ் போட்டான். அதுக்கென்ன இப்ப?

அப்பாசாமி: வேலையுமில்ல, ஒண்ணுமில்ல. நெஞ்சுல சளி கட்டி ஆஸ்பத்திரியில கெடந்திருக்கான். பேசுனா மூச்சு எளைக்கறது உனக்குக் கேட்டுரும்னு போன எடுக்கல.

பொன்னம்மாள்: என்னங்க சொல்றீங்க... எம்புள்ளையா? எங்கிட்ட ஒருத்தருகூடச் சொல்லலையே. நான் இங்க ஆடிக்கிட்டும் பாடிக்கிட்டும் மொளகு காயப்போட்டுட்டு இருந்தேனே... யாருங்க பாத்துக்கிட்டாங்க அவன?

அப்பாசாமி: அந்தப் புள்ளதான். முட்டிக்கால் பனியில பஸ்ஸு மாறி மாறிப் போயி, கஞ்சி வெச்சுக் கொண்டாந்து குடுத்திருக்குது. மெத்தையில சாத்தி ஒக்கார வெச்சு ஊட்டியும் வுட்டிருக்குது. அவனே சொன்னான். சொல்றப்ப அழுதுட்டான்.

பொன்னம்மாள்: அந்தப் புள்ள நல்லா இருக்கோணும். எட்டுக்கை அம்மன் அவளக் கண்ணாட்டம் காப்பாத்தோணும்.

அப்பாசாமி: அப்படிச் சொல்லு.

பொன்னம்மாள்: இந்த வருசத்து மொளகுல நல்லதாப் பொறுக்கி அவளுக்கு அனுப்பி வெக்கலாங்க. தேனும் அனுப்பலாம்.

அப்பாசாமி: மொளகோட முடிச்சுக்கலாம்ங்கற.

பொன்னம்மாள்: பின்ன? கஞ்சி ஊத்துனவளுக்கெல்லாம் பையனத் தூக்கிக் குடுக்க முடியுமா? அப்படிப் பாத்தா நர்சம்மா மெர்சிக்குத்தான் இந்த மலையில பாதிப் பேரக் கட்டி வெக்கோணும்.

அப்பாசாமி: நீ அந்தப் புள்ளையோட ஒரு தடவ பேசிப் பாரேன். போன் போட்டுத் தர்றேன்.

பொன்னம்மாள்: வேண்டாங்க. பேசுனா மனசு எளகிரும். எளகற கட்டமெல்லாம் தாண்டிப் போச்சு.

அப்பாசாமி: என்ன தாண்டிப் போச்சு?

பொன்னம்மாள்: கோவப்படக் கூடாது.

அப்பாசாமி: என்ன பண்ணித் தொலைச்ச?

பொன்னம்மாள்: நீங்க அங்க எலையப் போட்டா எடுத்துட்டு இருக்கறீங்க. இங்க எனக்கோ, நீங்க பேசிக் கூட்டிட்டு வாரதுக்குள்ள அந்த மெர்சி முந்திக்குவான்னு பயமாப் போச்சு. அதுதான்... போன வெள்ளிக்கெழம தேவனூர்ல அண்ணன் ஊட்டுல வெத்தல பாக்கு மாத்திட்டேன்.

அப்பாசாமி: யாருக்கு?

பொன்னம்மாள்: யாருக்கா... பிரேமுக்கும் பூங்குழலிக்கும்தான். நாட்டாரு, ஊருப் பெரியவங்க எல்லாரும் வந்து ஒக்காந்து, பந்தி போட்டு, முறையாத்தான் நடந்துச்சு.

அப்பாசாமி: பையனும் இல்ல, பையனப் பெத்த நானும் இல்ல. அப்பறம் என்ன முறை?

பொன்னம்மாள்: உங்க துண்ட மடிச்சுப் பாயில வெச்சுத் தட்ட அதுக்கு முன்னால நீட்டுனோம். பெரியவங்க ஒத்துக்கிட்டாங்க. துண்டு மச்சானவிட மருவாதையா ஒக்காந்திருக்குதுன்னு அண்ணன்கூடச் சிரிச்சுச்சு.

அப்பாசாமி: ஒரு நன்றிக்குப் பயந்துக்கிட்டு நிச்சயத்தயே முடிச்சுட்ட.

பொன்னம்மாள்: அப்ப எனக்கு நன்றின்னு தெரியாதில்லீங்க.

அப்பாசாமி: நான் தெனமும் போன் பண்ணுனேனே. ஒரு வார்த்த சொன்னியா?

பொன்னம்மாள்: சொன்னா வேண்டாம்ப்பீங்க. நேர்ல வந்த பொறவு சொல்லிக்கலாம்னு வுட்டுட்டேன்.

அப்பாசாமி: பூங்குழலி என்ன சொல்லுச்சு?

பொன்னம்மாள்: அது என்னத்தச் சொல்லும். தலைய நிமுத்தாம நின்னுச்சு. கெளம்பறப்ப வாசல்ல எங் கையப் புடிச்சுக்கிட்டு, அவிங்க எப்ப வருவாங்க அத்தைன்னு மெதுவாக் கேட்டுச்சு. கூடிய சீக்கிரம் வந்துருவான் கண்ணுன்னு சொல்லிட்டு வந்தேன். மாத்துன வெத்தலையத் திருப்பிக் குடுத்தா எங்கண்ணன் செத்தாலும் எம் மூஞ்சியில முழிக்காதுங்க. எனக்குன்னு பொறந்த ஊட்டுல இருக்கறது அது ஒண்ணுதான். அதனால அந்த அருணா பேச்ச இதோட வுட்டுருங்க. பிரேமுக்கு நீங்கதான் எடுத்துச் சொல்லோணும். நீங்க சொன்னா அவன் தட்ட மாட்டான்.

அப்பாசாமி: பொன்னு, அந்தக் கெழங்கு வெட்டற அருவாளக் கீழ வெச்சுட்டு இங்க வந்து ஒக்காரு.

பொன்னம்மாள்: எதுக்குங்க? உங்க மொகம் ஏன் இப்படி வேர்க்குது?

அப்பாசாமி: நீ சொன்ன மாதிரித்தான் நானும் நெனச்சேன். போன்ல சொன்னா ஒடஞ்சு போயிருவ... நேர்ல வந்து சொல்லிக்கலாம்னு.

பொன்னம்மாள்: என்ன சொல்லிக்கலாம்னு? ஏனுங்க, என்னப் பாத்துச் சொல்லுங்க. பிரேமு வாரானா இல்லையா?

அப்பாசாமி: வருவான்... ரெண்டு பேரா வருவாங்க. அங்க ஒரு முருகன் கோயில் இருக்குது பொன்னு. நீ வெத்தல மாத்துனதுக்கு மொத நாளு, தட்டுல இருந்து தாலிய எடுத்து அவன் கையில குடுத்தது நாந்தான்.