உள்பக்கம் தாப்பாள் இருக்குற வீடு

— வேணாம்னா வேணாம்க்கா! ராப்பகலா ஒழைச்ச காச இந்தப் புறாக்கூண்டுல கொண்டு வந்து கொட்டப் போறியா?

— மெல்லப் பேசுடா தம்பி. சுவருக்கும் காது இருக்கு.

— இந்தச் சுவருக்கா? காது மட்டுமில்ல, மூக்கு, வாய் எல்லாமே இருக்கு. இரு, தட்டிக் காட்டுறேன், கேட்டுக்க. டொக்கு டொக்குங்குது பாரு. பூச்சு மொத்தமும் செங்கல்ல விட்டுக் கழண்டு, போனாப் போகுதுன்னு நின்னுட்டிருக்கு.

— சரி. அப்புறம்?

— சார், புரோக்கர்னாலும் நான் உள்ளத உள்ளபடி சொல்றவன். அந்தக் காலத்துச் சுவரு சார் இது. கெட்டி.

— புரோக்கரே, நீங்க கொஞ்ச நேரம் வாயத் திறக்காம இருங்க. தலை நரைக்கிற வரைக்கும் வீடு கட்டியே பொழைச்சவன் நான். என்கிட்டயே சுவர் பாடம் எடுக்காதீங்க. உள்ள இருக்குற செங்கல் கெட்டிதான், அத நான் இல்லேன்னு சொல்லல. பூச்ச உரிச்சு எறிஞ்சுட்டுப் புதுசாப் பூசுனா ஆச்சு. ஆனா எவன் பூசுறது?

— சரி. அப்புறம்?

— அண்ணாந்து பாருக்கா. அந்த அடுப்பு மூலைக்கு மேல. சிமெண்ட் உப்பியிருக்கா? உள்ள கம்பி துருப்பிடிச்சிருக்கு. புகை போக வழி வைக்காம காலங்காலமா சமைச்சிருக்காங்க. மேதாவிங்க!

— ஐயோ, மச்சு மொத்தமுமாடா?

— மொத்தமும்னா நான் உன்ன உள்ள விட்டிருப்பேனா? அந்த மூலையில மட்டும்தான். மத்த எடமெல்லாம் தட்டிப் பாத்தேன், கணீர்னு இருக்கு. அந்தத் துண்ட உரிச்சு, கம்பியத் தேச்சு, மருந்தடிச்சுப் பூசணும். கழுத்த நிமித்தியே வேலை செய்யணும். செய்றவன் சாபம் விடுவான்.

— விடட்டும். அப்புறம்?

— அப்புறம் தரை. என் பென்சில் எங்க? இந்தா, கீழ வைக்கிறேன். பாத்தியா, பாத்தியா! உருண்டு உருண்டு பின்கட்டுக்கே போயிடுச்சு. மூக்குக் கண்ணாடிய இங்க கழட்டி வச்சா காலையில கொல்லையில போய்த் தேடணும்.

— அஸ்திவாரம் எறங்கிடுச்சா என்ன?

— எறங்கியிருந்தா ஜன்னல் ஓரத்துல விரிசல் விட்டிருக்கும். முடி அளவு விரிசல் கூட இல்ல. கழுவி விட்டாத் தண்ணி ஓடட்டும்னு எவனோ ஒரு கொத்தனார் வாட்டம் குடுத்திருக்கான். கேட்டத விடக் கொஞ்சம் தாராளமாவே குடுத்திருக்கான், தடிமாடு.

— நல்லதுதானே? குனிஞ்சு தள்ள வேணாம். தண்ணி ஊத்தினா அதுவா ஓடிடும். அப்புறம்?

— என்னக்கா நீ, நான் தலையில அடிச்சுக்கிறேன், நீ கதை கேக்குற மாதிரி அப்புறம் அப்புறம்ங்கற! பின்சுவர்ல ஈரம் தெரியலையா?

— மழைத் தண்ணியா?

— மழையா இருந்தா மேல இருந்து கறை எறங்கியிருக்கும். இது இடுப்புக்குக் கீழதான் இருக்கு. பக்கத்து வீட்டு பாத்ரூம் பைப்பு ஒழுகுது. பைப்பு வளையிற எடத்துல ஒரு எல்போ மாத்துனாப் போதும். அதக்கூட மாத்தாம உக்காந்திருக்கான் பாரு அந்த மகராசன்!

— நீ போய்ச் சொன்னா மாத்திடுவாரு. உன் தொண்டைக்குப் பயப்படாதவங்க யாரு?

— சிரிக்காத. அங்க கேக்குதா, தடக் தடக்குன்னு? அடுத்த சுவரு அச்சாபீஸ். நாள் பூரா இதே தாளம்தான்.

— டேய், நான் ஆஸ்பத்திரி லாண்டரியில வேலை பாக்குறவ. பத்து மெஷினு ஒண்ணாச் சுத்துற எடத்துல பாட்டுப் பாடிக்கிட்டே பெட்ஷீட் மடிக்கிறேன். எனக்கு இது தாலாட்டு.

— சாயங்காலம் நிறுத்திடுவாங்கம்மா. நான் உள்ளத உள்ளபடி சொல்றேன், ஞாயித்துக்கெழம சத்தமே இருக்காது.

— யோவ் புரோக்கரே, உள்ளதச் சொல்றவரு இதையும் சொல்லுங்க. ஊருக்கு நடுவுல இருக்கு, ஆஸ்பத்திரி நாலு எட்டுல இருக்கு, அப்படியிருந்தும் ஏன் இவ்வளவு மலிவு? யாராவது நாண்டுக்கிட்டு செத்தாங்களா?

— ஐயையோ! அதெல்லாம் இல்ல சார். சந்து குறுகலு. கார் வராது. கார் வராததால விலையும் வரல. வர்றவங்க எல்லாம் சந்து முனையிலயே நின்னு பாத்துட்டு அப்படியே திரும்பிடுறாங்க. வீட்டுக்குள்ள கால் வச்சதே நீங்கதான் சார் முதல்ல.

— கேட்டியாடா? கார் இருக்குறவங்களுக்குத்தான் இது மட்டமான வீடு. எனக்கு ஏது கார்? இல்லாத காருக்கு ஒரு தள்ளுபடி!

— உனக்கு எல்லாமே வெளையாட்டு. உடம்பு முடியாமப் போனா? ஆம்புலன்ஸ் எங்கக்கா நிக்கும்?

— சந்து முனையில நிக்கும். ஸ்ட்ரெச்சர் உள்ள வரும். அதுல விரிக்கிற துணி நான் மடிச்சதாத்தான் இருக்கும்.

— வாயக் கழுவு! ... இல்ல, நேராவே கேக்குறேன். எங்க வீட்டுல உனக்கு என்ன குறை வச்சோம்? உன் தம்பி பொண்டாட்டி ஒரு வார்த்தை தப்பாப் பேசியிருக்காளா?

— அவ தங்கம்டா. எனக்குத் தட்டு வைக்காம அவ சாப்பிட்டதில்ல.

— புள்ளைங்க?

— என் உசுரு.

— அப்போ நானா?

— நீயும்தான். குறைன்னு ஒண்ணும் இல்லடா. ஒரு தாப்பாள் இல்ல, அவ்வளவுதான்.

— என்னது?

— தாப்பாள். ஹால்ல படுக்குறேன். ஹாலுக்கு ஏது கதவு? ராத்திரி ஷிப்ட் முடிச்சு, ரெண்டு பஸ் மாறி வந்து காலையில கண்ண மூடினா, கால்மாட்டுல உக்காந்து டிவி பாப்பாங்க. உன்னப் பாக்க வர்ற மேஸ்திரி என் தலமாட்டுல நின்னு ஜல்லிக் கணக்குப் பேசுவாரு. துணி மாத்தணும்னா எல்லாரும் வெளிய போற வரைக்கும் காத்திருக்கணும். அழுகை வந்தாக் கூட குழாயத் திறந்து விட்டுட்டுத்தான் அழணும்.

— நீ... ஒரு நாளும் சொன்னதில்லையேக்கா.

— சொன்னா உனக்கு மனசு நொந்துடும். இப்பவே மூஞ்சி எப்படிப் போச்சு பாரு.

— வீட்டு பிளான்ல உனக்கு ரூம் போட்டிருந்தேன்க்கா. சத்தியமாப் போட்டிருந்தேன். சிமெண்ட் மூட்டை வைக்க எடமில்லேன்னு...

— தெரியும். மூட்டையெல்லாம் சௌக்கியமா இருக்கு. அத விடு. நான் யார் மேலயும் கோவிச்சுக்கிட்டுப் போகல. ஒரு பொம்பள அம்பது வயசுக்கு மேல உள்ளபக்கமாத் தாப்பாள் போட்டுக்கிட்டுத் தூங்கணும்னு ஆசைப்படுறா. அது தப்பா?

— தப்பில்ல. ஆனா சொந்தக்காரங்க என்ன பேசுவாங்க தெரியுமா? அக்காவத் தொரத்திட்டான், பொண்டாட்டி பேச்சக் கேட்டுட்டான்னு நாக்குல நரம்பில்லாமப் பேசுவாங்க. அதுக்காகவாவது நான் சொல்றேன், இந்த வீடு வேணாம்.

— ஓ, அப்போ வேணாம்கறது சுவருக்காக இல்ல, சொந்தக்காரங்களுக்காக.

— ரெண்டுக்கும்தான்! இவ்வளவு நேரம் நான் திட்டினது காதுல விழலையா? சுவரு, மச்சு, தரை, பைப்பு...

— ஒண்ணு விடாம விழுந்துச்சு. அதனாலதான் வாங்கப் போறேன்.

— அம்மா! வாங்கப் போறீங்களா? சார் இவ்வளவு கிழிச்சதுக்கு அப்புறமுமா?

— இவன் கிழிச்சதாலதான் வாங்குறேன் புரோக்கரே. உங்களுக்கு இவனத் தெரியாது. இதுக்கு முன்னாடி மூணு வீடு பாத்தோம். மொத வீட்டுல என்னடா சொன்ன?

— ஞாபகமில்ல.

— எனக்கு இருக்கு. ‘நல்ல காத்தோட்டமா இருக்கு, யோசிச்சுச் சொல்றோம்’னு கும்பிடு போட்டுட்டு வந்த. ரெண்டாவது?

— ... ‘லட்சணமா இருக்கு’ன்னேன்.

— மூணாவதுல ‘வெளிச்சம் பிரமாதம்’னுட்டு, அந்தம்மா குடுத்த டீயக் கூட முழுசாக் குடிக்காம எழுந்த. நீ மோசமான வீட்டத் திட்டவே மாட்ட. விக்கிறவங்க வயித்தெரிச்சல் நமக்கெதுக்குன்னு ரெண்டு நல்ல வார்த்தை சொல்லிட்டு நடையக் கட்டுவ. அந்த மூணு வீட்டையும் நான் வீடு வந்து சேர்றதுக்குள்ள மறந்துட்டேன்.

— அதுக்கும் இதுக்கும்...

— இரு, நான் முடிக்கல. உனக்கு ஒரு வீடு மனசுல ஒட்டிடுச்சுன்னா அப்பத்தான் வாயத் திறப்ப. திட்டுவ, தட்டுவ, பென்சில உருட்டுவ. ஒவ்வொரு நோயா சொல்லி, கூடவே வைத்தியமும் சொல்லுவ. பூச்ச உரிக்கணும், கம்பியத் தேக்கணும், எல்போ மாத்தணும். இங்க வந்ததுல இருந்து நீ இந்த வீட்டத் திட்டல தம்பி. மனசுக்குள்ள ரிப்பேர் பண்ணிட்டிருக்க.

— அட, நெசமாவா சார்?

— யோவ், நீங்க சும்மா இருங்க. ... அடிப்பாவி அக்கா. அதுக்குத்தான் ‘அப்புறம், அப்புறம்’னு என் வாயக் கிண்டிக்கிட்டே இருந்தியா?

— பின்ன? என் தம்பி பெரிய கான்ட்ராக்டராச்சே. அவன் கருத்தக் கேட்டா பொய் சொல்லுவான். திட்டக் கேட்டா உண்மை வந்துடும்.

— ஒழுங்கா ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?

— கேட்டதுக்குத்தான் ‘வேணாம்னா வேணாம்’னு கத்தினியே. சரி, வெளிய போ.

— எதுக்கு?

— போயேன்டா. புரோக்கரே, நீங்களும். படி தாண்டி நில்லுங்க ரெண்டு பேரும். ஆங், அப்படித்தான்.

— அக்கா? ஏன் கதவச் சாத்துற? ... ஏ, என்ன சத்தம் அது?

— தாப்பாள்! இரும்புத் தாப்பாள். கொஞ்சம் முறுக்கிக்கிச்சு, ரெண்டு தட்டு தட்டினேன், விழுந்துடுச்சு.

— துருவேறியிருக்கும்க்கா, மாட்டிக்கப் போற! எண்ணெய் விடணும். கதவத் திற.

— மாட்டேன்.

— சார், அம்மா உள்ள சிரிக்கிறாங்களா, அழுவுறாங்களா?

— ரெண்டும்தான்யா. குழாயத் திறக்காம. ... அக்கா. அக்கோவ். திற, எல்லாரும் பாக்குறாங்க. அச்சாபீஸ்ல மெஷினையே நிறுத்திட்டு எட்டிப் பாக்குறாங்க.

— கதவு மூடியிருந்தா என்ன பண்ணனும்?

— தட்டணும்.

— தட்டு.

— டக் டக். போதுமா?

— யாரு?

— யாருன்னா? நான்தான்! உன் கூடப் பொறந்தவன்!

— என்ன வேணும்?

— ... உள்ள வரலாமாக்கா?

— ஹா! நம்ம ரெண்டு பேர் ஆயுசுலயே முதல் தடவையாக் கேட்டிருக்கடா! வா, வா ராசா. காலைத் துடைச்சுட்டு வா. என் வீடு.

— இன்னும் கையெழுத்தே போடல, அதுக்குள்ள அதிகாரத்தப் பாரு. புரோக்கரே, ஓனருக்குப் போனப் போடுங்க. நான் சொன்ன குறை எல்லாத்தையும் உள்ளத உள்ளபடி அவர்கிட்டயும் சொல்லுங்க. விலையில இன்னும் கொஞ்சம் எறங்கட்டும்.

— சார், உங்க தொண்டைக்கு அவருக்கு எப்பவோ கேட்டிருக்கும்.

— டேய் தம்பி, நீ என்ன போன்ல குனிஞ்சுக்கிட்டு என்னமோ தட்டிட்டிருக்க?

— குடும்ப குரூப்ல போடுறேன். வேற யாராவது முந்திக்கிட்டுக் கதை கட்டுறதுக்குள்ள நானே சொல்லிடணும்.

— படி, கேப்போம்.

— ‘எல்லாருக்கும் வணக்கம். எங்க அக்கா சொந்தமா வீடு வாங்குறா. யாரும் அனுப்பல, அவளாப் போறா. அவ சம்பாத்தியத்துல போறா. நான் நேர்ல வந்து தட்டிப் பாத்தேன், நல்ல வீடு...’

— அடப்பாவி, அழி அழி! நீ நல்ல வீடுன்னு சொன்னா மோசமான வீடுன்னுல்ல அர்த்தம். திட்டுடா!

— சரி சரி. ‘பாழாப் போன வீடு. பூச்சு உதிருது, தரை சாயுது, கார் வராது. எல்லாத்தையும் நானே சரி பண்ணிக் குடுப்பேன். தாப்பாளுக்கு எண்ணெய் மட்டும் இன்னிக்கே விட்டுடுறேன்.’ போதுமா?

— போதாது. கடைசியா நான் சொல்றத அப்படியே போடு: ‘எல்லாரும் வாங்க, எப்ப வேணா வாங்க. ஆனா கதவத் தட்டிட்டு, நான் திறக்குற வரைக்கும் வெளிய நிக்கணும். நிப்பீங்களா, மாட்டீங்களா? படிச்சுட்டு சும்மா போகாம, ஆளுக்கு ஒரு வரி பதில் போடுங்க.’