செல்வியின் வளைவு

ஆம்பூரில் ரயில் ஏறிய இரண்டு ஷூ கம்பெனிப் பெண்கள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். பயணிகளின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்த மூத்தவள் ஒரு ஷூவைக் காட்டினாள்.

“அது செல்வி தச்சதுடி. முனையில தையல இன்னா அழகா வளைச்சிருக்கா பாரு, வெத்தல நுனி மாதிரி. நாமெல்லாம் நேரா திருப்பிடுவோம்.”

“அந்த வளைவுக்குத்தானக்கா அவளுத ரிஜெக்ட் பண்ணுவாங்க.”

“பண்ணா இன்னா? அழகு அழகுதான்.”

இளையவள் குனிந்து அந்த ஷூவை உற்றுப் பார்த்தாள்.

“அக்கா, இந்த மாடல் போன மாசம்தான் லைனுக்கு தைக்க வந்துச்சு. செல்வி செத்து ஒரு வருசம் ஆவுது.”

“நான்தான் வேற யூனிட்டுக்குப் போயிட்டேனே. அவ மிஷின்ல இப்ப யாரு?”

“யாரும் ஒக்கார்றதில்ல. துணி போட்டு மூடி வச்சிருக்கு.”

இருவரும் தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். ரிஜெக்ட் ஷூ விற்கும் கடையில் நேற்றுதான் வாங்கிய அந்த ஜோடியை மாட்டியிருந்த கால்களை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.